ஏழாம் பிரதிவாதி

(சிவகங்கையில் நடந்த உள்ளூர் வரலாற்றுக் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே, நாற்காலியும் கொடுத்து சுண்டலுக்கும் ஏற்பாடு செய்த வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சரம்மா அவர்களே (முன்வரிசையில்தான் இருக்கிறார், தப்பாகப் பேசினால் இப்போதும் காதைத் திருகுவார்), எல்லோருக்கும் வணக்கம். பேர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கோர்ட் கட்டுகளை, அதாவது முடிந்த வழக்குகளின் காகிதங்களைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, எதை நம்புவது.

என் அப்பா அடிக்கடி சொல்வார்: "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" எழுதாத உறவும் அப்படித்தான். மூன்று தலைமுறைக்கு மேலே கேட்டால் நம் வீடுகளில் பேர் இருக்காது. 'ஆத்தா', 'அப்பத்தா', அவ்வளவுதான்.

இந்த ஊரில் நின்றுகொண்டு நம் ஜமீன் வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஜமீன் அண்ணன் வழிக்குப் போனது. மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. அப்போது கடைசி அப்பீலைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல் ஜெயித்தார். ஜமீன் அவர் அப்பா தனியாக அடைந்ததா, அண்ணன் தம்பிக்குப் பொதுவா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்க்க ஒரு குடும்பத்தின் கதை முழுக்கக் கோர்ட்டுக்கு வந்தது.

அது ராஜா வீடு. நமக்கு முன்சீப் கோர்ட்தான். 1912இல் எங்கள் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பேருக்குத்தான் பாகப்பிரிவினை, சண்டை ஒரு புளியமரத்துக்கு. நகல் வாங்க ஒரு ரெக்கார்டு ரூமுக்கு நாலு தடவை அலைந்தேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், மறுபடியும் போக வேண்டியிருக்கிறது.

கட்டைப் பிரித்தால், ஏழாம் பிரதிவாதி என்று ஒரு பெண். மைனர், வயது 9, கார்டியன் தாயார். குடும்பச் சொத்தில் அவள் கல்யாணச் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்பதற்காக வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். என் தாத்தாவுக்குத் தங்கையாக வேண்டும். பெரியப்பாவிடம் ஓடினேன். "அப்படி ஒருத்தி நம்ம வீட்டிலேயே கிடையாது" என்றார். சரி என்று நகலைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார். படித்தார். காபி வந்தது, குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மெதுவாக, "ரங்கூனுக்குப் போனாளே, அவளா?" என்றார்.

அதே கட்டில் ஒரு கிழவரின் சாட்சியம். தாது வருஷத்தில் அவருக்குக் கன்று மேய்க்கிற வயசாம். மரம் அப்போதே காய்த்ததாம், பஞ்சத்துக்குக் கொட்டையை வறுத்துத் தின்றார்களாம். 1876இல் எங்கள் ஊர் என்ன தின்றது என்று வேறு எந்தக் காகிதத்தில் இருக்கிறது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

எதை நம்புவது? பிராதில், அதாவது வழக்குப் போட்டவர் கொடுத்த மனுவில் உள்ள வம்சாவளி கட்சிக்காரர் தனக்குத் தோதாக எழுதியது. எதிர்த்தரப்பும் எதை ஒத்துக்கொண்டது என்று பாருங்கள். இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொன்னதை, தகராறு கிளம்பும் முன் சொல்லியிருந்தால் ஏற்கலாம் என்று 1872 சாட்சியச் சட்டமே வைத்திருந்தது. ஐயா இருக்கும் மேடையில் சட்டம் பேசக் கூடாது, விடுகிறேன்.

வந்த காரியத்துக்கு வருகிறேன். கெடு முடிந்த கட்டுகளைக் கழித்துக்கட்ட வழிசெய்யும் சட்டம் 1917இலேயே வந்துவிட்டது. இடமில்லை, செல் அரிக்கிறது, எல்லாம் நியாயம்தான். கழிக்கும் முன் ஒரு தடவை படமெடுங்கள், பழையதை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குக் கேட்டுப் பாருங்கள் என்கிறோம். தூரம் என்றால் மாவட்டத்திலேயே ஓர் அறை கொடுங்கள். ஏழாம் பிரதிவாதிகள் எல்லோரும் அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறார்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். எங்கே தேடுவது என்பதைச் சுண்டல் சாப்பிடும்போது சொல்கிறேன். வாசலில் மனு வைத்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பேர், தகப்பனார் பேர், வயது, ஊர், தொழில், எல்லாம் எழுதுங்கள். அம்மா பேருக்கும் ஒரு பத்தி விட்டிருக்கிறோம்.