இரவில் ஒரு விளம்பரப் பலகை எவ்வளவு ஒளிரலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே இரவில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். இடவப்பாதி மழையில் தார்ச்சாலை நனைந்து கிடக்கிறது. வளைவில் நிற்கும் எல்.இ.டி. பலகையில் நகைக்கடை விளம்பரம் வருகிறது, பின்னணி முழுக்க வெள்ளை. அந்த வெள்ளை ஈரச் சாலையில் விரிந்து பரவ, முன்னால் போகிற சைக்கிள்காரர் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகிறார். அடுத்து கருநீலப் பட்டுச்சேலை வருகிறது, சட்டென்று இருட்டு. கண் பழகுவதற்குள் வண்டி பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டிவிடும். கண்புரை தொடங்கிய பெரியவர்களுக்கு இன்னும் சிரமம், கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் சிதறும்.

“கண் கூசுது சார்” என்று புகார் கொடுத்தால் ஒருவர் வந்து பார்ப்பார். அவர் பார்க்கிற நேரத்தில் பட்டுச்சேலை ஓடிக்கொண்டிருந்தால், குறை ஒன்றும் இல்லை என்று போய்விடுவார். எல்.இ.டி. பலகையின் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறும். முழு வெள்ளைதான் அதன் உச்சம். அதனால் கண்ணை நம்பாமல் கருவியை நம்ப வேண்டும்.

அளப்பது கடினமில்லை. அமெரிக்காவில் விளம்பரத் துறையே ஏற்றுக்கொண்ட முறை ஒன்று உண்டு. எவ்வளவு தூரத்தில் நின்று அளப்பது என்று அறிய, பலகையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து, நூறால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். இருபதுக்குப் பத்து அடிப் பலகை என்றால் ஏறத்தாழ 141 அடி. அந்தத் தூரத்தில், ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மீட்டரோடு நின்று, பலகை கறுப்பாக இருக்கும்போது ஒருமுறை, முழு வெள்ளையாக இருக்கும்போது ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அமெரிக்க அலகில் 0.3 அடி-மெழுகுவர்த்தி, அதாவது சுமார் 3.2 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. முழு நிலவின் வெளிச்சமே 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. ஆகவே இந்த வரம்பு விளம்பரதாரருக்குத் தாராளமானதுதான்.

பகல் வெயிலில் தெரிவதற்குப் பலகைக்கு 5,000 நிட் (பலகையின் பரப்பே எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் அலகு) அளவுக்கு ஒளி தேவைப்படும். இரவில் 300 நிட் போதும். சுற்றுப்புற ஒளியைப் பார்த்துத் தானாகக் குறைக்கும் சென்சார் இதற்காகவே இருக்கிறது. அதில் தூசி படிந்தாலோ பழுதானாலோ பலகை மிகக் குறைந்த ஒளிக்கு இறங்கிவிட வேண்டும் என்பதையும் உரிமத்தில் எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு படம் குறைந்தது 8 நொடி அசையாமல் நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள விதி. நம் சாலையில் அதோடு வீடியோவே கூடாது என்பேன்.

2024 மே மாதம் மும்பை காட்கோபரில் ராட்சதப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்கள். பலகை என்றாலே இப்போது இரும்புச் சட்டத்தின் உறுதியைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். வெளிச்சத்தையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது உள்ளாட்சிகளின் விளம்பர வரி போய்விட்டது. உரிமக் கட்டணம் மிஞ்சியது. பேரூராட்சிக்கு அந்த வருமானம் தேவை என்பதை மறுக்கவில்லை. கட்டணம் வாங்குகிற கை நிபந்தனையும் விதிக்கலாமே.

நம் எல்லையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தப் பக்கம் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அந்தப் பக்கம் 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். ஒரு பக்கத்துப் பலகை மறுபக்கத்து வீட்டு ஜன்னலில் அடித்தால் யாரிடம் போவது? களியக்காவிளைப் பேரூராட்சியும் பாறசாலை கிராமப் பஞ்சாயத்தும் ஒரே இரவு வரம்பைத் தீர்மானமாகப் போட்டுக்கொண்டால், எந்தப் பக்கம் புகார் கொடுத்தாலும் ஒரே அளவுகோல் இருக்கும். ஒரு லக்ஸ் மீட்டரின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். இரண்டு மன்றங்களும் சேர்ந்தே வாங்கலாம்.

அதுவரை புகார் எழுதுகிறவர்கள் “கூசுகிறது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பலகை நிற்கும் இடம், நாள், மணி, அப்போது ஓடிய விளம்பரம், மழை இருந்ததா என்பதை எழுதுங்கள். செயல் அலுவலருக்கோ பஞ்சாயத்துச் செயலாளருக்கோ கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.