மூட்டு மாத்துற அளவுக்கு ஏன் போகுது?

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி வரைக்கும் கேக்குதா தாயி? அக்காமாரு நெறைய பேரு தரையில குத்தவச்சு உக்காந்திருக்கீங்க, இந்தப் பக்கம் பெஞ்சு காலியாத்தான் கெடக்கு, மொதல்ல அதுல வந்து உக்காருங்க, நான் பேச வந்ததே அதப் பத்தித்தான்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து எங்கிட்ட பிசியோதெரபிக்கு வர்றவங்கள்ல பொம்பளைங்கதான் அதிகம். "வயசாயிருச்சு தம்பி, ஜவ்வு தேஞ்சு போச்சு"ன்னு அவங்களே முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள வருவாங்க. வயசும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. அம்பது தாண்டுன பொம்பளைகளுக்கு முட்டி தேய்மானம் ஆம்பளைகளவிட கூடவே வருது, அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வர வாய்ப்பு இருக்கு. இதையெல்லாம் நம்மளால மாத்த முடியாது. மாத்தக்கூடியது எவ்வளவோ இருக்கு, அதக் கேட்டுட்டுப் போங்க.

கருவாட்டுக் களத்துல ஒரு அக்கா வேல செய்றத பக்கத்துலயே நின்னு பாத்தேன். அரிவாமனைய கால்ல அமுக்கிக்கிட்டு, ரெண்டு முட்டியும் நெஞ்சத் தொடுற மாதிரி குத்தவச்சு, கட்டாவையும் சீலாவையும் பொளந்து பொளந்து உப்பு வைக்கிறாங்க, கூடை தீந்தா அடுத்த கூடை வருது. எந்திரிக்கும்போது கையத் தரையில ஊனி, பாதி எந்திரிச்சு நின்னு, மூச்சு வாங்கி, அப்புறம்தான் நிமிந்தாங்க, முட்டி கரகரன்னு சத்தம் போட்டது எனக்கே கேட்டுச்சு. வருசக்கணக்கா குத்தவைக்கிறது, மண்டி போடுறது, அதோட பாரமும் தூக்குறதுன்னு சேந்தா முட்டி சீக்கிரம் தேயும்னு பல நாட்டு ஆராய்ச்சியும் சொல்லுது. வேலைய விடச் சொல்லல, அது முடியாதுன்னு எனக்கும் தெரியும். மீனை மேசையில வச்சு நின்னு வெட்டுங்க, முடியாட்டி உயரமான முக்காலி ஒண்ணாவது போட்டுக்கங்க, நடுநடுவுல எந்திரிச்சு கால நீட்டுங்க. களத்துக்கு நாலு மேசை வாங்கிப் போடுறது முதலாளிமாருக்குப் பெரிய செலவே இல்ல, அவங்களும் இங்க இருக்கீங்க, அதனால சொல்றேன்.

அடுத்தது எடை. நடக்கும்போது முட்டி மேல நம்ம எடையப் போல ரெண்டு மூணு மடங்கு இறங்குது, ஒரு கிலோ கொறச்சா ஒவ்வொரு எட்டுக்கும் நாலு கிலோ பாரம் கொறையும். அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல பல வருசம் ஜனங்கள கவனிச்சு 1992ல ஒரு முடிவு வெளியிட்டாங்க, பத்து வருசத்துல 5 கிலோ போல எறங்குன பொம்பளைகளுக்கு வலியோட வர்ற முட்டி தேய்மானம் பாதியா கொறஞ்சிருந்துச்சு. அஞ்சு கிலோதான், ஆளே மாறணும்னு இல்ல.

பாசி எடுக்கப் போற அக்காமாரே, நீந்துறது முட்டிக்கு நல்லது, தண்ணி எடையத் தாங்கிக்கும், தொடைச் சதையும் இறுகும், அந்தச் சதைதான் முட்டியக் காப்பாத்துறது. வில்லங்கம் கரையேறும்போதுதான், ஈரப்பாசி மூட்டையோட வழுக்குப் பாறையில கால் வச்சா ஒரு முறுக்கு முறுக்கும், உள்ள ஜவ்வு கிழியும். எண்ணெய் போட்டு நீவிட்டு மறுநாளே கடலுக்குப் போறீங்க. அடிபட்ட முட்டிதான் பின்னாடி மாத்துற நெலமைக்கு சீக்கிரம் வருது, கபடி ஆடுற பசங்களுக்கும் இதேதான், வீக்கம் வந்தா காட்டுங்க.

இடுப்பு மூட்டு கதை வேற. அங்க எடையோட பங்கு கொஞ்சம்தான், நம்ம ஊர்ல வாலிபப் பசங்களுக்கே தொடை எலும்போட தலைக்கு ரத்தம் போகாம அது செத்துப்போகுது. குடி ஒரு காரணம். ஸ்டீராய்டு இன்னொன்னு, என்ன மருந்துன்னே சொல்லாம வலிக்கு ஊசி போடுறவங்ககிட்டயும் பேரில்லாத பொடி விக்கிறவங்ககிட்டயும் தயவுசெஞ்சு போகாதீங்க, அன்னைக்கு வலி ஓடிரும், எலும்பு போயிரும். கம்ப்ரசர் குழாய்ல மூச்சு வாங்கிக்கிட்டு ஆழத்துல முங்கிட்டு வெரசா மேல வர்ற தம்பிகளுக்கும் இதே ஆபத்து இருக்கு, ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டி ஓட்டத்த அடைச்சிரும். தொடை இடுக்குல வலி விடாம இருந்தா எக்ஸ்ரே நல்லாருக்குன்னு விட்டுறாதீங்க, ஆரம்பத்துல எம்ஆர்ஐலதான் தெரியும்.

இவ்வளவு பாத்தும் மாத்தணும்னு டாக்டர் சொன்னா பயப்படாதீங்க. மாத்துன முட்டில நூத்துக்கு எம்பது 25 வருசம் வரைக்கும் தாங்குதுன்னு 2019ல கணக்குப் போட்டுருக்காங்க. கால் வளைஞ்சு, தொடைச் சதை கரைஞ்சு, வீட்டுக்குள்ளயே கெடந்துட்டு கடைசியில வர்றவங்களுக்குத்தான் தேறி வர ரொம்ப நாளாகுது, அதுலயும் பொம்பளைங்கதான் "மக கல்யாணம் முடியட்டும்"னு தள்ளிப்போட்டு வர்றாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட கொண்டு போயி கேளுங்க. பிரைவேட்ல பண்றவங்க இதத் தெரிஞ்சுக்கங்க, செயற்கை முட்டிக்கு 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு உச்ச விலை வச்சிருச்சு, சாதாரணமா போடுற கோபால்ட் குரோமியம்ங்கிற உலோக முட்டிக்கு அப்ப 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பில்லுல அந்த முட்டியோட விலையையும் கம்பெனி பேரையும் தனியா எழுதித் தரச் சொல்லுங்க.