சேலத்து வெயிலில் கெக்கோ முட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வளர்க்கும் கெக்கோ பல்லி முட்டையிட்டால் அதைப் பொரிக்க வைப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் முட்டையை அடை வைப்பது யாருக்கும் புதிதன்று. கோழி முட்டைக்கு ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், நாள்தோறும் பலமுறை திருப்ப வேண்டும், 21 நாளில் குஞ்சு வரும் என்பது பண்ணைப் பக்கம் போகாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. கெக்கோ முட்டையைக் கெடுப்பதே இந்தக் கணக்குதான். அந்தச் சூட்டில் கெக்கோ கரு பிழைக்காது. திருப்புவதும் ஆபத்து, முட்டையிட்ட ஒரு நாளுக்குள்ளாகவே கரு மேற்பக்கத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதால், அதன் பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துபோகக்கூடும். ஆகவே ஈர மண்ணில் புதைந்திருக்கும் முட்டையைக் கண்டவுடன், எடுப்பதற்கு முன்பே, அதன் மேற்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளி எப்போதும் மேலே இருக்கும்படியே பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

நம் வீடுகளில் மிகுதியும் வளர்க்கப்படும் லெப்பர்ட் கெக்கோ ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். சுவர்ப்பல்லியின் முட்டையைப் போல இதன் ஓடு கடினமானதன்று. பதப்படுத்திய தோல் போல மெத்தென்றிருக்கும். வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் முட்டை பருக்கவும் செய்யும். செடி நர்சரிகளில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளை அதன் எடைக்குச் சமமான நீரில் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, முட்டையைப் பாதியளவு பதித்து வைத்தால் போதும். தேங்காய் நார்த்தூள் மலிவுதான் என்றாலும் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஓரிரு வாரம் கழித்து, இருட்டறையில் சிறிய டார்ச்சை முட்டையருகே பிடித்துப் பார்த்தால் சிவந்த நரம்புகள் தெரியும். நரம்பே இல்லாமல் மஞ்சளாகவே தெரிந்து, பின்னர் சுருங்கிப் பூஞ்சணம் பூப்பது கருக்கூடாத முட்டை. ஆணோடு சேராத பெண்ணும் அத்தகைய முட்டைகளை இடுவதுண்டு.

இனி, முதன்மையான செய்தியாகிய வெப்பத்திற்கு வருகிறேன். லெப்பர்ட் கெக்கோவில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பமே தீர்மானிக்கிறது. 26, 27 டிகிரியில் ஏறக்குறைய அனைத்தும் பெண். 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும். 32 டிகிரியில் ஆண்கள் மிகுதி. 34 டிகிரியைத் தாண்டினால் மறுபடியும் பெண்கள் என்றாலும், அந்தச் சூட்டில் பிழைப்பவை குறைவு. நாள் கணக்கும் அதற்கேற்ப மாறும்: 32 டிகிரியில் ஒன்றரை மாதத்திற்குள் பொரிப்பது, 26 டிகிரியில் இரண்டு மாதத்தைத் தாண்டும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் முட்டையை எப்படிச் சூடாக்குவது என்றே பேசுகின்றன. சேலத்திலோ, ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மாடி வீட்டு அறையே 35 டிகிரிக்குக் குறையாமல் நிற்கும். விற்பனையில் உள்ள சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. 28 டிகிரி என்று நாம் பொத்தானைத் திருகி வைத்தாலும், அது தன் சூட்டை நிறுத்திக்கொண்டு அறையின் வெப்பத்திலேயே கிடக்கும். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். கோடையில் இங்கே இன்குபேட்டரை அணைத்துவிட்டு, தரைத்தளத்தில் மேற்கு வெயில் படாத அறையில், தெர்மோகோல் பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களுக்கு நடுவே முட்டை டப்பாவை வைப்பதே நல்லது. தண்ணீர் மெதுவாகவே சூடேறும் என்பதால் நண்பகல் உச்சம் தணியும். அதுவும் போதாவிட்டால், ஏசியை 27 டிகிரியில் வைத்த அறையோ, குளிர்விக்கவும் தெரிந்த இன்குபேட்டரோதான் வழி. எதைச் செய்தாலும் வெப்பமானியின் முனை முட்டைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி இங்கே சாட்சி ஆகாது. குளிர் நாட்களில் மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். மிகைச் சூட்டைத்தான் தாங்காது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். அங்கே லெப்பர்ட் கெக்கோ முட்டைக்கு ஆண்டின் பெரும்பகுதி இன்குபேட்டர் தேவைப்படும். ஆனால் நியூ கலிடோனியாத் தீவுகளைச் சேர்ந்த கிரெஸ்டட் கெக்கோவின் முட்டைகள் 22 முதல் 26 டிகிரிக்குள் நிதானமாக வளர்பவை. மலை வீட்டின் அலமாரியே அவற்றுக்குப் பல மாதங்கள் பொருந்தும். அதே முட்டையைச் சேலம் நகரில் காப்பாற்றுவது வீண் செலவு என்பது என் கருத்து.

பொரிக்கும் நாள் நெருங்கும்போது முட்டையின் மேல் நீர்த்துளிகள் அரும்பலாம், ஓடு சற்றுத் தொய்ந்து குழியலாம். குழிவு தொடக்க வாரங்களிலேயே வந்தால் ஈரம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்போது முட்டையின் மேல் படாமல் டப்பாவின் ஓரமாகச் சிறிது நீர் விட வேண்டும். குஞ்சு ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டியபடி பல மணி நேரம் இருந்தாலும் கைகொடுத்து இழுக்கக் கூடாது. மஞ்சள் கரு உடலுக்குள் முழுமையாக ஏற வேண்டும். முதல் தோலை உரித்த பிறகே அதற்குப் பசி எடுக்கும். அப்போது கால்சியம் பொடி தூவிய சிறு சில்வண்டுகளைக் கொடுக்கலாம்.

எந்த இனத்தை வளர்க்கலாம், எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். காட்டுப் பல்லியைப் பிடித்து வந்து வளர்ப்பதை எண்ணவே வேண்டாம். சேர்வராயன் மலைக்கே உரிய சிறு பகற்பல்லிகள் உண்டு. 2000ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றுக்கு அறிவியலாளர்கள் ஏற்காட்டின் பெயரையே சூட்டினார்கள். 2019இல் அதே மலைத்தொகுதியிலிருந்து மேலும் இரண்டு இனங்கள் விவரிக்கப்பட்டன. வளர்ப்புக் குஞ்சுகள் மிகுந்துவிட்டன என்று அவற்றைக் காப்பித் தோட்டத்தில் விட்டால், அயல் ஒட்டுண்ணிகளும் நோய்களும் இந்தச் சிறு பல்லிகளிடம் போய்ச் சேரக்கூடும். குஞ்சுகளை வைத்துக்கொள்ள இடமோ, வாங்கிக்கொள்ளப் பொறுப்பானவரோ இல்லையென்றால், இட்ட அன்றே முட்டைகளை அடை வைக்காமல் உறைபெட்டியில் வைத்துவிடுவது முறை.

நன்றி, வணக்கம்.