தவணைத் தேதியை அழிக்காதீர்கள்

நடுவர் அவர்களுக்கும், என் அணியினருக்கும், எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

‘கடனை அடைத்து முடித்த குடும்பத்துக்கு முதலில் வேண்டியது கட்டுப்பாடா, நிம்மதியா?’ இதுதான் இன்றைய தலைப்பு. நான் கட்டுப்பாட்டின் பக்கம். இந்தப் பக்கம் பேச வருகிறவரைப் பார்த்தாலே கூட்டத்துக்குக் கொஞ்சம் கசக்கும், தெரியும். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். “வருஷக்கணக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனை அடைத்தவர்களிடம் போய், இன்னும் கொஞ்சம் கட்டுங்கள் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருகிறதா?” என்று கேட்டார். வருகிறது, நடுவர் அவர்களே. நன்றாகவே வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 100. எந்த ஊர்க் காசாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 கடன் தவணைக்குப் போனது. மீதி 70-க்குள் வாடகை, சாப்பாடு, படிப்பு, மருந்து, போக்குவரத்து எல்லாம். இழுபறிதான், ஆனாலும் வீடு நடந்தது. சரி, கடன் முடிந்தது. அடுத்த மாதம் அந்த வீட்டின் வருமானம் எவ்வளவு? 100. போன மாதமும் 100-தான். சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை. ஆனால் வீட்டில் எல்லோர் முகத்திலும் சம்பள உயர்வு வந்த களை! எனக்குப் பயம் அந்தக் களையைப் பார்த்துத்தான்.

ஏனென்றால் அந்த 30-ஐ யாரும் மொத்தமாக எடுத்து வீணடிப்பதில்லை. அப்படி ஒருவர் செய்தால் மற்றவர்கள் தடுத்துவிடுவார்கள். நடப்பது வேறு. “இவ்வளவு நாள் இந்தப் பொந்துக்குள் இருந்தோமே” என்று கொஞ்சம் பெரிய வீடு, வாடகை கூடுதலாக 12. “சமைத்துச் சமைத்துச் சலித்துவிட்டது” என்று வெளியிலிருந்து வரவழைப்பது, 7. தவணையில் ஒரு போன், 6. உடம்பைப் பார்த்துக்கொள்ள உடற்பயிற்சிக் கூடம், 4. படம் பார்க்கும் சந்தாக்கள், 3. இதில் எது ஊதாரித்தனம்? ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 32 வருகிறது. கடன் இருந்தபோது துண்டு விழாத வீட்டில், கடன் தீர்ந்த பிறகு மாதம் 2 துண்டு விழுகிறது. அந்த இரண்டைக் கிரெடிட் கார்டில் தேய்ப்பார்கள். அடுத்த கடனுக்குப் பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடன் தீர்ந்த செய்தி சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் கடன் கொடுக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒழுங்காகத் தவணை கட்டிய ஆளைவிட நல்ல வாடிக்கையாளர் அவர்களுக்கு எங்கே கிடைப்பார்? “உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் ஆன கடன் தயாராக இருக்கிறது” என்று போன் வரும். தவணை இரண்டு நாள் தாமதமானபோது பேசிய குரலும் இதுவும் ஒன்றுதானா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும், அவ்வளவு மரியாதை!

அந்தப் போனை எடுப்பதற்குள் செய்யவேண்டிய வேலை சில இருக்கிறது. கடன் முடிந்தது, பாக்கி இல்லை என்று எழுத்தில் சான்று வாங்குங்கள். அடமானம் வைத்த பத்திரம் இருந்தால் திரும்ப வாங்குங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொன்ன உத்தரவை நிறுத்துங்கள். இது தலைப்புக்கு வெளியே போகிறது என்று நடுவர் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. இருக்கட்டும் ஐயா, யாருக்காவது உதவும்.

என் அணி கேட்பது ஒன்றுதான். தவணைத் தேதியைக் காலண்டரிலிருந்து அழிக்காதீர்கள். அதே தேதி, ஏறக்குறைய அதே தொகை. இதுவரை கடன்காரருக்குப் போனது, இனிமேல் உங்கள் பெயரில் இருக்கிற வேறொரு கணக்குக்குப் போகட்டும். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் போடுவோம் என்று வைத்துக்கொண்டால் நடக்காது. மிச்சம் இருக்கவே இருக்காது. கடன்காரருக்கு மிச்சத்தையா கொடுத்தோம்? சம்பளம் வந்ததும் முதல் வேலையாக அல்லவா கொடுத்தோம்? அந்த மரியாதையை நமக்கே கொடுத்துக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்?

எதிரணிக்காக நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். 30-ல் 5-ஐ நிம்மதிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கே கேட்கவில்லை. 25 மட்டும் தனிக் கணக்குக்குப் போகட்டும். இப்போது வீடு 75-ல் நடக்கிறது. மூன்று மாதச் செலவு 225. மாதம் 25 வீதம் ஒன்பது மாதத்தில் அது கையில் இருக்கும். மாதச் சம்பளம் இல்லாமல் தொழிலிலோ தினக்கூலியிலோ இருப்பவர்களுக்கு மூன்று மாதம் போதாது, ஆறு மாதச் செலவாவது வேண்டும். அதற்குப் பதினெட்டு மாதம். வருஷக்கணக்காகத் தவணை கட்டிய கைக்கு இது ஒரு பெரிய காலமா?

இந்த இடத்தில் எதிரணி ஒன்றைக் கவனிக்கவே இல்லை. நம்மில் பலர் கடனாளி ஆனது ஆடம்பரத்தால் இல்லை. ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, இரண்டு மாதம் வேலை இல்லாமல் போனது, சம்பாதிக்கப் பயன்படுகிற வண்டி நடுவழியில் நின்றது, இப்படித்தான் ஆரம்பிக்கும். அன்றைக்குக் கையில் மூன்று மாதச் செலவு இருந்திருந்தால் அது ஒரு கஷ்டமான மாதம், அவ்வளவுதான். இல்லாததால் ஐந்து வருஷக் கடன். ஆகவே சிக்கனம் என்பதைத் தண்டனை மாதிரி, பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி யாரும் பேச வேண்டாம். எங்கள் அணியிலேயே ஒருவர் சற்று முன் அப்படிப் பேசினார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

“அவசரம் வந்தால் கார்டு இருக்கிறதே” என்றார் எதிரணி நண்பர். ஐயா, ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், வட்டிக்கு வட்டி ஏறி ஒரு தொகை இரண்டு மடங்காக ஏறத்தாழ எவ்வளவு காலம் ஆகும் என்று தெரிந்துவிடும். மாதம் 3 சதவீதம் என்றால் 24 மாதம். இரண்டே வருஷத்தில் கடன் இரட்டிக்கிறது. அதே ஆள் சேமிக்கிற பணத்துக்கு வருஷம் 6 சதவீதம் கிடைத்தால் அது இரட்டிக்க 12 வருஷம். அவசரத்துக்குக் கார்டை நம்புகிறவர், 12 வருஷத்தில் வளர்கிறதை வைத்து 2 வருஷத்தில் வளர்கிறதை விரட்டப் போகிறார். ஓடட்டும், பார்ப்போம்.

அவசரம் இல்லாத நாளிலும் கார்டு ஒரு வேலை செய்கிறது. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கிற மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். பாதிப் பேருக்கு ரொக்கமாகத் தரவேண்டும் என்று நிபந்தனை, மற்றவர்களுக்குக் கார்டு. கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! கவனியுங்கள், மேலாண்மை படிக்கிற பிள்ளைகள். நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்டை உடைத்துப் போடச் சொல்லவில்லை. கடன் தீர்ந்த முதல் வருஷம், கை நழுவுகிற இனங்களுக்காவது ரொக்கமாகக் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

அப்புறம் ‘எதிர்பாராத செலவு’ என்று ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. கேட்டுப் பார்த்தால் பள்ளிக் கட்டணம் என்பார்கள். பள்ளிக்கூடம் வருஷா வருஷம் திறக்கிறது, நடுவர் அவர்களே! அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? காப்பீட்டு பிரீமியம், போன வருஷம் கட்டிய அதே மாதத்தில்தான் வரும். வண்டிக்கு டயர் தேயும். கல்யாண வீட்டுக்குப் பரிசு வாங்க வேண்டியிருக்கும். பல் வலிக்கும். வருஷத்தில் ஒருமுறை வருகிற இந்தச் செலவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதச் செலவோடு சேர்த்துப் பாருங்கள். மாதம் 70-ல் நடப்பதாக நினைத்த வீடு உண்மையில் 76-லோ 78-லோ நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். கடன் காலத்தில் அந்த ஆறோ எட்டோ எங்கிருந்து வந்தது? கைமாற்று, கார்டு, இல்லையென்றால் அடகு. கடன் தீர்ந்தும் அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். என்னைக் கேட்டால், தனிக் கணக்குக்குப் போகிற 25-ல் முதல் பங்கு இதற்குத்தான். ஒன்பது மாதம் பன்னிரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் ஹானி மொட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-லேயே குடும்பக் கணக்குப் புத்தகம் ஒன்றைத் தயாரித்து வெளியிட்டார். செலவானதை எழுதிவைப்பது அதில் பாதி வேலைதான். எந்த இனத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது மறுபாதி. நம்மில் பலர் செலவானதை எழுதுகிறோம், மாதக் கடைசியில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம், புத்தகத்தை மூடிவிடுகிறோம். அது செலவுக்குப் பாடுகிற ஒப்பாரி. செலவாகப் போவதை முதலில் எழுதினால்தான் அது பட்ஜெட்.

“இப்படி ஒவ்வொரு காசையும் எண்ணிக்கொண்டிருந்தால் வாழ்வது எப்போது?” என்று எதிரணி கேட்கும். ஒவ்வொரு காசையும் எண்ணச் சொன்னது யார்? சில்லறைச் செலவில் கையை வைத்தால் வீட்டில் தினமும் சண்டை வரும், மிச்சமாவதோ கொஞ்சம். ஒருமுறை முடிவெடுத்தால் மாதா மாதம் தானாகப் போகிற செலவுகள்தான் கையைக் கடிப்பவை: வாடகை, தவணைகள், சந்தாக்கள், பராமரிப்பு. என் உதாரண வீட்டில் அந்த 32-ல் பெரிய வீடு மட்டும் 12. அந்த ஒரு முடிவைத் தள்ளிப்போட்டால் வெளிச் சாப்பாட்டுக்கான 7-ஐப் பற்றி யாரும் யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பெரிய இடத்தில் இறுக்கிப் பிடித்தால் சின்ன இடத்தில் தாராளமாக இருக்கலாம். நிம்மதி நிம்மதி என்கிறார்களே, அது இங்கேதான் கிடைக்கும்.

கஞ்சத்தனத்துக்கு நான் வக்கீல் இல்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வது, மருத்துவக் காப்பீட்டை நிறுத்துவது, ஒழுகுகிற குழாயை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விடுவது, இதெல்லாம் செலவைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. செலவைத் தள்ளிப்போட்டு, பெரிதாக்கி வாங்கிக்கொள்வது அது.

கட்டுப்பாடு என்றால் வீட்டில் ஒருவர் மற்றவரைக் கட்டுப்படுத்துவது என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு ஒருவர் கையில், பயம் எல்லோர் நெஞ்சிலும் என்று நடக்கிற வீட்டில், செலவுகள் ஒளிந்துகொள்ளத் தொடங்கும். ஒளித்து வாங்கிய கடன் தெரிய வருகிற அன்று பணத்தோடு சேர்ந்து நம்பிக்கையும் போய்விடுகிறது. அதனால் கணவனும் மனைவியும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் பாருங்கள். அந்த 5 இருக்கிறதே, அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 2.50 எடுத்துக்கொள்ளுங்கள். அதை என்ன செய்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. சிரிக்காதீர்கள், அந்த இரண்டரை பல வீடுகளில் சமாதானத்தை வாங்கித் தரும்.

எதிரணியின் கடைசி அஸ்திரம், “செலவைக் குறைக்காதீர்கள், வருமானத்தைக் கூட்டுங்கள்” என்பது. கூட்டுங்களேன்! யார் வேண்டாம் என்றது? ஆனால் கூடுகிற வருமானம் எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், அந்த 30 போன வழியில்தான் அதுவும் போகும். ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு நிறுவன ஊழியர்களிடம் இதைச் செய்து பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். இன்றைய சம்பளத்தில் கை வைக்கவில்லை. அடுத்தடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகட்டும் என்று இப்போதே ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு, சம்பளத்தில் 3.5 சதவீதமாக இருந்தது, 40 மாதத்தில் 13.6 சதவீதமாக ஏறியது. வருமானம் கூடியதும் உண்மை, யாரும் பட்டினி கிடக்காததும் உண்மை. வித்தியாசம், பணம் வருவதற்கு முன்பே அதற்கு வழி சொல்லிவைத்தது. கட்டுப்பாடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

காலமெல்லாம் இப்படியேவா என்று கேட்டால், இல்லை. மாவுக்கட்டுப் பிரித்த அன்றே யாரும் மூட்டை தூக்கப் போவதில்லை. சில மாதம் பார்த்துத்தான் காலை ஊன்றுகிறோம். மூன்று மாதச் செலவு கையில் சேரட்டும், வருஷச் செலவுக்கான பங்கு நிரம்பட்டும். அதற்குப் பிறகு பெரிய வீட்டைப் பற்றிப் பேசுங்கள், பயணம் போங்கள், அந்த 5-ஐ 10 ஆக்குங்கள். அன்று எதிரணியோடு சேர்ந்து நானும் கைதட்டுகிறேன்.

நடுவர் மணியடித்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற நண்பருக்கு ஒரு கேள்வியை மட்டும் விட்டுச் செல்கிறேன். கடன் தீர்ந்த மறுமாதம், அந்த 30 எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்குப் போகும்? ‘நிம்மதி’ என்று பதில் சொன்னால் நடுவர் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு வங்கிக் கணக்கு கிடையாது.

நன்றி, வணக்கம்.