பாட்டியிடம் கேட்டு எழுதியதைப் பேத்தி காசு கொடுத்துப் படிக்க வேண்டுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். மானிடவியல் ஆய்வுகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பதா, கட்டுப்பாட்டில் வைப்பதா என்பது தலைப்பு. நான் திறந்து வைக்கும் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் இரண்டு கல்லை வீசிவிட்டுப் போயிருக்கிறார். சும்மா கொடுத்தால் ஆய்விதழ் படுத்துவிடும் என்பது ஒன்று. பழங்குடிகளின் அந்தரங்கம் சந்திக்கு வந்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் அவருக்கு நிஜமாகவே கவலை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். என்னிடம் படித்த ஒரு பெண், நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் மந்திலிருந்து, அதாவது அவர்கள் குடியிருப்பிலிருந்து வந்தவள். புத்துக்குளி தெரியுமல்லவா? வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடுமே, அந்தப் போர்வை. அதைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் கண்டுபிடித்தாள். முதல் பக்கம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு பெட்டி, மேற்கொண்டு படிக்க 40 டாலர் என்று. “எங்க பாட்டிகிட்ட உட்கார்ந்து கேட்டு எழுதினதைப் படிக்க நான் காசு கட்டணுமா சார்?” என்றாள். நான் என்னத்தைச் சொல்ல?

அதே கணினியில் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி எழுதிய புத்தகம் முழுசாகக் கிடைத்தது. 1906-இல் வந்தது, எழுநூறு பக்கத்துக்கு மேல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இலவசம். எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ அதுவும் இலவசம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் தர்ஸ்டன், கருவியை வைத்து நம்மாட்களின் மூக்கை அளந்தவர். அதில் குறவர் பற்றிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். திருட்டு முறைகள்தான் பக்கம் பக்கமாக வரும். 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தப் பார்வையை மறுத்து எத்தனையோ ஆய்வாளர்கள் பின்னால் எழுதிவிட்டார்கள். மறுப்பில் பெரும்பகுதி பூட்டுக்குள். அவதூறு மட்டும் இலவசம்! கட்டுப்பாடு அந்த மக்களைக் காக்கும் என்கிறீர்கள். இன்றைக்கு ஒரு பையன் தன் சாதிப் பெயரைத் தட்டினால் அவனுக்குப் பதில் சொல்ல வருவது யார்? தர்ஸ்டன்தானே?

இனி அந்தரங்கம். ஆஸ்திரேலியாவில் டெனன்ட் கிரீக் பக்கம் வருமுங்கு என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘முகுர்ட்டு’ என்றொரு இணையக் காப்பகத்தை உருவாக்கினார்கள். எந்தப் படத்தை யார் பார்க்கலாம், பெண்கள் மட்டுமா, ஆண்கள் மட்டுமா, இறந்தவரின் படத்தை எப்படிக் காட்டுவது, எல்லாம் அவர்கள் வழக்கப்படி. அங்கேயும் பூட்டு உண்டு, அண்ணே. சாவி ஊர்க்காரர் கையில். என் மாணவி பார்த்த பூட்டின் சாவி கடல் தாண்டி ஒரு பதிப்பகத்திடம். 40 டாலர் கட்டுகிற எவனுக்கும் அது திறக்கும். இதில் அந்தரங்கம் எங்கே காப்பாற்றப்படுகிறது?

அப்புறம் காசு. கட்டுரை எழுதியவருக்கு ஆய்விதழ் ஒரு பைசா தருவதில்லை. படித்துத் திருத்தம் சொல்லும் சக ஆய்வாளரும் பெரும்பாலும் ஓசியில்தான் உழைக்கிறார். நெல் நம்முடையது, குத்துகிற கை நம்முடையது, அரிசியை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். 2011-இல் இலவசமாகத் தொடங்கிய ‘ஹாவ்’ என்ற மானிடவியல் இதழ் 2018-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்குப் போய்ச் சந்தா இதழாகிவிட்டதே என்றார் அண்ணன். ஆமாம், போனது. ‘கல்ச்சுரல் ஆந்த்ரபாலஜி’ என்ற இன்னொரு இதழ் 2014-இல் திறந்த கதவு இன்னும் திறந்தே கிடக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டார்?

அரசாங்கமே வாங்கித் தருகிறதே என்பீர்கள். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. மந்தில் உட்கார்ந்து ஊசி பிடிக்கிற பாட்டி எந்தக் கல்லூரியில் சேர்வார்?

கடைசியில் அந்தப் பெண் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் போட்டாள். நல்ல மனுஷி, இரண்டே நாளில் அனுப்பிவிட்டார். விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் தங்கள் மொழியில் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். பாட்டி ஒரு படத்தில் விரலை வைத்து, “இந்தப் பூவுக்கு நான் சொன்ன பேர் இது இல்லை, பக்கத்தில் இருக்கிறதோட பேரை எழுதியிருக்கா” என்றாராம்.

அச்சேறி ஆறு வருஷமாகியிருந்த பிழை அது. மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. உட்கார்ந்துகொள்கிறேன்.