வௌவாலை எந்தக் குவியலில் வைப்பது?

வணக்கம். மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது. அட்டைகள் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருக்கிறேன், பாருங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரினங்களை வகைப்படுத்தச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. ஆசிரியர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். வீட்டில் பிள்ளைகளோடு கோடை விடுமுறையைத் தள்ளுகிற பெற்றோரும் தாராளமாகப் பார்க்கலாம். செலவு என்று பார்த்தால் பழைய காலண்டர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் மட்டுமே.

முதலில் ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் 'உயிரினங்கள்' என்று எழுதி, கீழே கிளை கிளையாகக் கோடு இழுத்து, முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை என்று நிரப்பும் அந்தப் படத்தை முதல் நாளே வரைந்துவிடாதீர்கள். பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதுவார்கள், ஒப்பிப்பார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அடுத்த வாரம் "வௌவால் பறவையா?" என்று கேளுங்கள். பாதி வகுப்பு "ஆமாம் டீச்சர்" என்று கத்தும்.

அதனால் நான் அட்டைகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன். ஓர் அட்டையில் ஓர் உயிரினம். காகம், பசு, பல்லி, தவளை, நண்டு, இறால், கெண்டை மீன், எட்டுக்கால் பூச்சி, மண்புழு, பாம்பு, வௌவால், வேப்பமரம், புல், காளான், தென்னை, மனிதன். மனிதன் அட்டையைக் கட்டாயம் போடுங்கள், அதில் பெரிய சண்டை வரும். படம் நன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. என் பசுவைப் பாருங்கள், ஆடு என்றும் சொல்லலாம்.

"உங்களுக்குத் தோன்றுகிறபடி குவியலாகப் பிரியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பறப்பவை, நீந்துபவை, ஓடுபவை என்று ஒரு குழு பிரிக்கும். கடிப்பவை, கடிக்காதவை என்று இன்னொரு குழு. சாப்பிடக்கூடியவை, கூடாதவை என்று ஒரு குழு நிச்சயம் பிரிக்கும், அதில் நண்டைப் பற்றி வீட்டுக்கு வீடு கருத்து மாறும். வீட்டில் இருப்பவை என்று ஒரு குவியல் வைத்துப் பசுவையும் பல்லியையும் அம்மாவையும் ஒன்றாக அடுக்கிவைப்பார்கள். சிரித்துவிடாதீர்கள். தவறு என்றும் சொல்லாதீர்கள். குவியல் பிரிப்பதில் தவறு என்று எதுவும் கிடையாது. எந்தக் குவியல் நமக்கு அதிகம் பயன்படும் என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. ஓர் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன். பெயரைச் சொல்லமாட்டேன், குவியலை மட்டும் சொல்வேன். "இது பறக்கும். இதற்கு எத்தனை கால்? முட்டையிடுமா, குட்டி போடுமா? பல் உண்டா?" பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். காகமாகவும் இருக்கலாம், கொசுவாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம். ஒன்றுமே நிச்சயமாகச் சொல்ல முடியாது. அடுத்து, "இதற்கு இறகு இருக்கிறது" என்கிறேன். உடனே கை தூக்குவார்கள். இரண்டு கால், அலகு, முட்டையிடும், பல் கிடையாது. நான் மறைத்து வைத்திருப்பது நெருப்புக்கோழியாக இருந்தாலும் பென்குயினாக இருந்தாலும் சொன்னது அத்தனையும் சரியாக இருக்கும். அவை இரண்டும் பறப்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரே ஒரு தடயத்தைச் சொன்னால் சொல்லாத நான்கு விஷயங்கள் தானாகத் தெரிகின்றன என்றால் அது நல்ல குவியல். நான் இந்தப் பாடத்தில் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க நினைப்பது இந்த ஒன்றைத்தான். பாலூட்டி, ஊர்வன என்ற பெயர்களெல்லாம் பிறகு வரட்டும்.

இப்போது வௌவால் அட்டை. மூக்கு நரி போல இருக்கும் பழந்தின்னி வௌவாலின் படம் கிடைத்தால் அதைக் காட்டுங்கள். உடம்பு முழுக்க முடி. வாயில் பல். வெளியே தெரிகிற காது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. பிறகு பிள்ளைகளைக் கையை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வௌவாலின் சிறகு என்பது ஒரு கைதான். விரல்கள் நீண்டு, அவற்றுக்கு இடையே தோல் படர்ந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் குட்டையாகக் கொக்கி போல மேலே துருத்திக்கொண்டிருக்கும். ஐந்து விரல்களையும் படத்தில் எண்ணிப் பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு அதைப் பறவைக் குவியலில் வைப்பதில்லை.

உயிரினங்களுக்கு இரண்டு சொற்களில் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ், 1735இல் வெளியிட்ட பட்டியலில் திமிங்கிலத்தை மீன்களோடு வைத்திருந்தார். 1758இல் பத்தாம் பதிப்பு வந்தபோது அதைப் பாலூட்டிகள் பக்கம் மாற்றிவிட்டார். அதே பதிப்பில் வௌவாலைக் குரங்குகளோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் சேர்த்திருந்தார், பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துத் தனி வரிசையாக்கினார்கள். இதைச் சொன்னால் வகுப்புக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்களும் அட்டையை இடம் மாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் கூச்சப்படும் பிள்ளைகளும் துணிந்து மாற்றுவார்கள்.

இதில் நீதிமன்றக் கதை ஒன்றும் உண்டு. 1818இல் நியூயார்க்கில் மீன் எண்ணெய்ப் பீப்பாய்களைப் பரிசோதிக்கும் அதிகாரி, திமிங்கில எண்ணெய் வைத்திருந்த வியாபாரியிடம் கட்டணம் கேட்டார். திமிங்கிலம் மீனே இல்லை, கொடுக்கமாட்டேன் என்றார் வியாபாரி. வழக்கு நடந்தது, இயற்கையியல் அறிஞர் வந்து சாட்சி சொன்னார், கடைசியில் ஜூரிகள் திமிங்கிலம் மீன்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஜூரியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் திமிங்கிலத்தைவிடக் கடற்பசு பொருத்தம். பாக் விரிகுடாவில் கடற்புல் மேய்ந்துகொண்டு, மூச்சுக்கு மேலே வந்து, குட்டிக்குப் பால் கொடுத்து வாழும் விலங்கு அது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது.

சரி, மீன் மார்க்கெட்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. ஒரு மத்தி, இரண்டு இறால், ஒரு நண்டு, ஒரு கணவாய், இவ்வளவு போதும். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துகிறேன். வாடை உங்களுக்கு வராது, நீங்கள் பிழைத்தீர்கள்.

நான்கும் கடலில் கிடைப்பவை, ஒரே கடையில் விற்பவை. பிள்ளைகள் நான்கையும் மீன் குவியலில்தான் வைப்பார்கள். இப்போது விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மத்தியின் நடுவில் முள் ஓடுகிறது, செதிலும் துடுப்பும் இருக்கின்றன. இறாலை உரித்தால் உள்ளே முள் எதுவும் இல்லை, கடினமானதெல்லாம் வெளியே இருக்கிறது. கால்கள் கணுக் கணுவாக மடங்குகின்றன. நண்டும் அப்படியே. யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், கரப்பான் காலும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும். அந்தப் பிள்ளையைக் கும்பிடலாம். கணுக்காலிகள் என்ற பெயரை நீங்கள் இனிமேல் ஒரு தடவை சொன்னால் போதும்.

கணவாய்தான் வம்பு. உடம்பு கொழகொழவென்று இருக்கிறது, ஆனால் உள்ளேயிருந்து இதோ, கண்ணாடி போல ஒரு தகடு வருகிறது. "எலும்பு, எலும்பு!" என்று கத்துவார்கள். அவசரப்பட்டு மறுக்காதீர்கள். மத்தி முள்ளையும் இந்தத் தகட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். முள் துண்டு துண்டாகக் கோத்தது, தகடு ஒரே துண்டு. இது நத்தைக்கும் சிப்பிக்கும் வெளியே இருக்கிற ஓடு, கணவாயின் முன்னோர்களில் சிறுத்து உள்ளே போய்விட்டதன் மிச்சம். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று வெள்ளையாக விற்பதும் கணவாய் இனத்தின் உள்ளோடுதான். கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் கட்டிவைப்பார்கள். ஆகவே கணவாய்க்குச் சொந்தம் நத்தை. வகுப்பு இதை நம்ப மறுக்கும். மறுக்கட்டும், சொந்தத்தை ஒரே நாளில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு கால், மூன்று பகுதியாகப் பிரிந்த உடம்பு என்றால் பூச்சி. எட்டுக்கால் பூச்சிக்கு எட்டுக் கால், உடம்பு இரண்டு பகுதி, அதனால் அது தேளோடு போகிறது. கம்பளிப்புழுவுக்கு நிறையக் கால் இருக்கிறதே என்று கேட்பார்கள். முன்னால் இருக்கும் மூன்று ஜோடிதான் உண்மையான கால், பின்னால் இருப்பவை பற்றிக்கொள்ளும் சதைக்குமிழ்கள். படத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தாவரங்களுக்கு வகுப்பை விட்டு வெளியே வாருங்கள். பள்ளி மைதானத்தில் களைச்செடிகளுக்குப் பஞ்சமே இல்லை. செடியைப் பிடுங்குவதற்கு முன் இலையைப் பார்த்து வேரைச் சொல்லவேண்டும், இதுதான் போட்டி. நரம்புகள் இணைகோடாக ஓடினால் சல்லிவேர், வலைபோலப் பின்னியிருந்தால் ஆணிவேர். புல்லைப் பிடுங்கினால் கொத்தாகச் சல்லிவேர் வரும், கீரைச்செடியைப் பிடுங்கினால் நடுவில் தடித்த ஆணிவேர் வரும். மண்ணுக்குள் இருப்பதை இலை காட்டிக்கொடுத்துவிடுகிறது, முதுகுக்குப் பின்னால் மறைத்த அட்டையை இறகு காட்டிக்கொடுத்த மாதிரி. சேப்பங்கிழங்கு இலையை யாராவது கொண்டுவந்தால் கலங்காதீர்கள். நரம்பு வலைபோலத் தெரியும், ஆனால் அது புல்லைப் போல விதையில் ஒரே ஒரு வித்திலை உள்ள ஒருவித்திலைத் தாவரம், வேரும் சல்லிவேர். விதிவிலக்கு என்று ஒரு மூலையில் எழுதிவையுங்கள்.

காளான் மரக் குவியலிலேயே கிடக்கும். அதில் பச்சையம் இல்லை, உணவைத் தானே தயாரிக்க முடியாது, மக்கியதிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1969இல் முன்வைத்த ஐந்து உலகப் பகுப்பில், அதாவது உயிரினங்களை ஐந்து பெரும் பிரிவுகளாகப் பிரித்ததில், காளான் உள்ளிட்ட பூஞ்சைகளுக்குத் தனி உலகமே கொடுத்தார். காளானின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருள்தான் இறால் ஓட்டிலும் இருக்கிறது. இதை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லவேண்டியதில்லை. எனக்குப் பிடித்த தகவல், அதனால் சொன்னேன்.

தமிழாசிரியர்கள் தொல்காப்பியத்தைக் கேட்பார்கள், நியாயம்தான். மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பும் கறையானும் மூவறிவு என்று புலன்களை எண்ணிப் பிரித்திருப்பது அருமையான இன்னொரு குவியல் முறை. அதைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடாமல் சோதித்துப் பார்க்க விடுங்கள். மூவறிவு என்றால் தொடுதல், சுவை, மோப்பம் மட்டும், பார்வை கிடையாது. பூதக்கண்ணாடியில் எறும்பைப் பார்த்தால் கண் தெரியும். வேலைக்காரக் கறையான்களில் பெரும்பாலானவற்றுக்குப் பார்வை இல்லை. எறும்பும் பாதை பிடிப்பது பெரும்பாலும் மோப்பத்தால்தான் என்பதால், அந்தக் கணிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று பிள்ளைகளே ஊகிப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று முழங்குவதைவிட இது அந்த நூலுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பாதுகாப்பு. பூரான், தேள், கம்பளிப்புழு மூன்றையும் படத்தில் மட்டும் காட்டுங்கள். நத்தையையும் மீனையும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். காட்டுக் காளானைக் கையில் எடுத்தாலும் வாயில் வைக்கக்கூடாது. வௌவால் கீழே விழுந்து கிடந்தால், உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், யாரும் தொடக்கூடாது, பெரியவர்களிடம் சொல்லவேண்டும். அடுத்த காணொளியில் விதை முளைக்கவைப்பது பற்றிப் பேசுவோம். இந்தக் கணவாயைக் கழுவிக் குழம்பு வைக்கவேண்டும், வருகிறேன்.