சொரப்புருடை கட்டாம கிணத்துல தள்ளலாமுங்களா?

நடுவரய்யாவுக்கும், மாரியம்மன் நோம்பிக்குக் கூடியிருக்கிற பெரியவங்களுக்கும், முன்னால பவானி ஜமக்காளத்துல உக்காந்திருக்கிற பொடுசுகளுக்கும் வணக்கமுங்க.

"இணையத்தில் ஆராய்வது பிள்ளைகளுக்குத் தானாக வருமா, பள்ளி சொல்லித்தர வேண்டுமா?" இதுதானுங்க தலைப்பு. பள்ளி சொல்லித்தரோணும்ங்கறது எங்க அணி. எதிரணி அண்ணன் நல்லா ஒரு போடு போட்டாரு. "நமக்கு நீச்சல் யாருங்க சொல்லிக்குடுத்தா? கிணத்துல தள்ளிவுட்டாங்க, வந்துருச்சு. போனைக் கையில குடுங்க, அதுவும் வந்துரும்"னாரு. நானுந்தான் கைதட்டுனேன். ஆனா அண்ணா, தள்ளுனவரு உங்க முதுகுல மெதக்கறதுக்குக் காஞ்ச சொரக்கா, அதான் சொரப்புருடை, கட்டித்தானுங்க தள்ளுனாரு? கயித்தைப் புடிச்சுட்டு மேல ஒருத்தரு நின்னாரில்லீங்களா? அதை நைசா வுட்டுட்டீங்களே!

நான் ஒன்பதாவதுக்குச் சமூக அறிவியல் நடத்தறவனுங்க. போன வருசம், "நம்ம ஈரோட்டுப் பக்கம் ஓடற காலிங்கராயன் வாய்க்காலைப் பத்தி இணையத்துல பாத்து எழுதிட்டு வாங்க கண்ணு"ன்னேன். எப்படிப் பாக்கறதுன்னு சொல்லலை. தப்பு என்னுது. நாப்பது நோட்டு வந்துச்சு, நாப்பதுலயும் ஒரே பத்தி. ஒரு பையன் முத்து முத்தான கையெழுத்துல, ஸ்கேல் வெச்சு அடிக்கோடெல்லாம் போட்டுக் கடைசி வரி எழுதியிருந்தான்: "மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்."

சிரிக்கறீங்க. நானும் சிரிச்சனுங்க. அப்புறந்தான் சுருக்குன்னுச்சு. அவனுக்குப் போனு என்னைவிட நல்லாத் தெரியும். தேடறது தெரியும். தேடிக் கிடைச்சதை என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கலை.

நம்ம பசங்க மட்டுமில்லீங்க. அமெரிக்காவுல மரத்துல வாழுற ஆக்டோபஸ் இருக்குது, அழியப்போவுது, காப்பாத்துங்கன்னு 1998-ல ஒருத்தர் வெளையாட்டுக்கு ஒரு இணையதளம் போட்டாரு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காரங்க அதை ஏழாவது படிக்கற பிள்ளைகளுக்குக் காட்டுனாங்க. பள்ளிக்கூடங்களே "இணையத்துல கெட்டி"ன்னு பொறுக்கிக் குடுத்த பிள்ளைக. ஏறக்குறைய எல்லாரும் நம்பிட்டாங்க! பொய்யின்னு சொன்னப்புறமும் சிலதுக ஒத்துக்கலை. எங்கீங்க அண்ணா, தானா வந்துச்சு?

பெரியவங்க கதை இதுக்கு மேல. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி ஒண்ணு 2017-ல வந்துச்சு. வரலாற்றுல முனைவர் பட்டம் வாங்குனவங்க பத்துப் பேரு, செய்தி சரிபார்க்கறவங்க பத்துப் பேரு, கல்லூரிப் பசங்க இருவத்தஞ்சு பேரு. இவங்ககிட்ட சில இணையதளங்களைக் காட்டி, நம்பலாமான்னு பாக்கச் சொன்னாங்க. படிச்ச மேதைக பலபேரு பளபளன்னு இருந்த முத்திரையையும் பேரையும் பாத்து ஏமாந்தாங்க. சரிபார்க்கறவங்க அந்தப் பக்கத்துலயே குந்தலை. சட்டுனு வெளிய வந்து, இதை நடத்தறது யாருன்னு வேற இடத்துல தேடுனாங்க. நமக்கு இது புதுசுங்களா? மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளை வூட்டுலயே போயிக் கேப்பமா? பக்கத்தூரு டீக்கடையிலதானுங்க விசாரிப்போம். இந்த விசாரிப்பைத்தான் வகுப்புல பழக்கோணும்ங்கறோம்.

மறுபடியும் அதே வாய்க்காலுக்கு வந்தோம். இந்த வாட்டி கேள்வியைச் சுருக்குனேன்: "வாய்க்கா ஏன் கோணக்கோணலாப் போவுது?" பேரை மட்டும் போட்டுத் தேடுனா எல்லாருக்கும் அதே பத்திதான் வரும். கேள்வியோட தேடோணும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல, "யாரு சொன்னா? எப்பச் சொன்னா? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"னு எழுதச் சொன்னேன். வாய்க்கா நீளம் 56 மைலு, வெட்டி 1283-ல முடிஞ்சுதுன்னு பத்துப் பக்கத்துல இருந்துச்சு. பத்து சாட்சின்னு நெனச்சோம். வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டா, ஒருத்தரு எழுதுனதை மத்தவங்க ஒத்தியெடுத்திருக்காங்க. அன்னைக்கு வகுப்புல ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, திருடனைப் புடிச்ச சத்தம்!

நூலகத்துக்குப் போகட்டுமேன்னு எதிரணி அக்கா சொன்னாங்க. போகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா 1800-ல இந்தப் பக்கம் சுத்துன புக்கானன்ங்கற வெள்ளைக்கார டாக்டரு எழுதி, 1807-ல லண்டன்ல அச்சான புஸ்தகம் நம்மூரு நூலகத்துல இருக்குதுங்களா? பழைய புஸ்தகத்தையெல்லாம் ஏத்தி வெச்சிருக்கற இணைய ஆவணகம் (Internet Archive)ங்கற தளத்துல இருக்குது. சங்க நூலுக மதுரைத் திட்டம்ங்கற இணைய நூலகத்துல 1998-லிருந்து ஏறிட்டு இருக்குது. அதுலயும் ஒரு சூட்சுமமுங்க: நொய்யல் கரைக் கொடுமணலைத் தேடி, ஒரு பையன் பதிற்றுப்பத்துல "கொடுமணல்"னு போட்டான். ஒண்ணும் வரலை. "கொடுமணம்"னு போடுடான்னேன், வந்துச்சு. அந்தக் காலத்துச் சொல்லுல தேடோணும்னு எந்தப் போனுங்க அவனுக்குச் சொல்லும்?

கோணல் கேள்விக்கு ஒரு புள்ள எழுதிட்டு வந்தா: "பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று எங்கள் அப்புச்சி சொன்னார். இணையத்திலும் அப்படியே இருக்கிறது. முதலில் யார் சொன்னது என்று கிடைக்கவில்லை. தரை மட்டத்தை ஒட்டிப் போனால்தான் தண்ணீர் தேங்காமல் ஓடும். மேடு வந்தால் வாய்க்கால் வளைய வேண்டும்."

எழுதிட்டு எங்கிட்ட வந்து, "சார், அப்புச்சி சொன்னதை அடிச்சுறட்டுமா?"ன்னு கேட்டா.

"அடிக்காத அம்மிணி. அப்புச்சி பேரைப் பக்கத்துல எழுது"ன்னேன்.

மணி அடிச்சுட்டீங்க, உக்கார்றனுங்க நடுவரய்யா.